பிரகாஷின் கேம்ஷாப்டுக்கு லிப்டர் தேடியது

மாலினி, தினேஷ்,

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் மாலினியின் புதுக் காருக்குப் பூசை போட்டபோது நான் செய்தது உங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். குருக்கள் கற்பூரத் தட்டை எடுத்தார். காரில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பட்டனை அமுக்கி இஞ்சினை அடைத்தேன். குழந்தைக்கு வேர்க்கிறது என்று மாலினி சொன்னாள். திரும்பி வரும் வழியில் தினேஷ்தான் வாயைத் திறந்தான்.

"இது இன்ஜெக்‌ஷன் காருப்பா. நாள் பூரா ஸ்லோவுல விட்டாலும் ஒன்னும் ஆகாது லா."

அவன் சொன்னது சரி. அந்தக் காருக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் ஆகாது. இஞ்சின் ஓடும்போது கற்பூரம் காட்டினால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஏன் என்று உங்களிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீங்கள் செகண்டரி படித்த காலத்தில் நம் கிள்ளான் ஒர்க்‌ஷாப்பில் வேலை குறைந்து, நான் பூச்சோங்கில் ஒரு லோரி கம்பெனிக்கு ஃபிட்டராகப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா கேட்டபோது "பிஸ்னஸ் டல்" என்றேன். அதற்கும் இதுதான் காரணம்.

பெட்டிகளில் வந்த இஞ்சின்

ஆறுமுகம் அண்ணே போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். அவருக்கும் லெட்சுமி அக்காவுக்கும் ஒரே மகன், பிரகாஷ். சுபாங் ஜெயாவில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, மழையில், பின்னால் வந்த வண்டி இடித்து இறந்துபோனான். இடித்தது ஒரு கன்டெய்னர் லோரி. அதற்குப் பிறகு அண்ணே லோரியில் ஏறவில்லை. சாவியைக் கம்பெனி மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள்.

பிரகாஷிடம் ஒரு பழைய கொரோலா கார் இருந்தது. 4K இஞ்சின். அதை முழுவதும் பிரித்துப் போட்டு, மலை ஏறுகிற மாதிரி வேகமான இஞ்சினாகக் கட்ட வேண்டும் என்று வீட்டுப் போர்ச்சில் வேலை செய்துகொண்டிருந்தான். பிரித்துப் போட்ட நிலையிலேயே அவன் போய்விட்டான். பல மாதம் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு நாள் காலையில் அண்ணே இஞ்சின் பிளாக்கையும் நான்கைந்து பிஸ்கட் பெட்டிகளையும் வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பின்னாலேயே காரை இழுத்து வந்தார்கள்.

"மணியம், வருசத் திதிக்கு முன்ன இது ஓடணும். அவன் வாங்கின சாமான்லயே ஓடணும். வேற எதையும் உள்ள போடாத."

சரி என்றேன். பெட்டிகளைத் திறந்த பிறகுதான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. போர்ச்சில் சாரல் அடித்திருக்கிறது. பிஸ்டன் அரித்துப் போயிருந்தது. இரட்டைக் கார்ப்ரேட்டரில் ஒன்றின் உடம்பு விரிசல் விட்டிருந்தது. பேரிங் எதையும் திரும்பப் போட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, இது ஆகாது, இது ஆகாது என்று அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அந்தச் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் வைத்தார். கீழே போட விடவில்லை.

உள்ளே சுற்றுகிற, ஏறி இறங்குகிற சாமான்களில் கெடாமல் இருந்தவை இரண்டுதான். ஒன்று, கிரீஸ் தாளில் சுற்றி வைத்திருந்த புதுப் பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாப்ட். இன்னொன்று, ஒரு பிளாஸ்டிக் பையில் எட்டு லிப்டர்.

லிப்டர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கார்களில் நான் சொல்கிற மாதிரி கிடையாது. பழைய இஞ்சினில் கேம்ஷாப்ட், சுருக்கமாகக் கேம், கீழே பிளாக்குக்குள் சுற்றும். அதில் முட்டை வடிவில் புடைப்புகள் இருக்கும். அதை லோப் என்போம். ஒவ்வொரு லோப்பின் மேலும் ஒரு லிப்டர், குட்டி டம்ளர் மாதிரி, உட்கார்ந்திருக்கும். லோப் தள்ளினால் லிப்டர் ஏறும், அது புஷ்ராட் என்ற தண்டைத் தள்ளும், மேலே வால்வ் திறக்கும். சில லிப்டருக்குள் ஆயில் மெத்தை இருக்கும், இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். சாலிட் லிப்டருக்கு அது இல்லை. ஒரே இரும்பு. இடைவெளியை நாம்தான் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதிக வேகத்தில் சாலிட்தான் நம்பகம். பிரகாஷின் கேம் சாலிட் லிப்டருக்கு என்றே அறுத்த கேம். ஆகவே சாலிட்தான் போட வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த சாலிட் என்பதுதான் கேள்வி.

எட்டு லிப்டர்

"இதாச்சும் நல்லாருக்கா? பாரு, எப்படி பளபளன்னு வச்சிருக்கான்" என்று அண்ணே பையை நீட்டினார்.

பளபளவென்றுதான் இருந்தது. பிரகாஷ் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான். ஆனால் புதுசு இல்லை. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் பழைய கார்களின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கியிருப்பான். நான் இரண்டை எடுத்து, லோப்பைத் தொடும் முகத்தோடு முகம் ஒட்டவைத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். நல்ல லிப்டரின் முகம் தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டை இல்லை. நடுவில் மயிரளவு மேடு இருக்கும். இரண்டை ஒட்டவைத்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும், லேசாக ஆடும். அந்த மேட்டினால்தான் லோப் தள்ளும்போதெல்லாம் லிப்டர் கொஞ்சம் சுழலும். சுழன்றால்தான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

பிரகாஷின் லிப்டர்களில் வெளிச்சம் கசியவில்லை. ஆடவும் இல்லை. மேடு போய், நடுவில் குழி விழுந்திருந்தது. வேறு ஏதோ ஒரு இஞ்சினில், வேறு ஏதோ ஒரு கேமோடு பல வருடம் ஓடித் தேய்ந்தவை. அந்தப் பழைய கேமில் அதே லோப்பில் திரும்பப் போட்டால் ஓடும். புதுக் கேமில் போட்டால் சுழலாது. சுழலாத லிப்டர் முதல் நாளே லோப்பைத் தின்றுவிடும்.

அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு நேரமாயிற்று. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் கை பட்டதுடா இது."

"தெரியும்ணே. ஆனா இதப் போட்டா அந்தக் கேம் போயிடும். ரெண்டுல ஒன்னுதான் நிக்கும்."

அவர் பையின் வாயைச் சுற்றி முடிந்தார். பிறகு, கேம் பார்சல் வந்த அன்றைக்கு பிரகாஷ் அதைப் படுக்கையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியதைச் சொன்னார். மெத்தையெல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது என்று லெட்சுமி அக்கா காலையில் திட்டினாராம். "கல்யாணம் பண்ணி வைக்கிறேன், அப்புறம் இத யார் பக்கத்துல படுக்க வைப்பேடான்னு கேட்டா." அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பிறகு, "அப்ப கேம்தான்" என்றார். "அவனோடது ஒன்னாச்சும் உள்ள சுத்தணும், மணியம். அது போதும்."

அன்றைக்கு அந்த வேலையின் கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. வேறு எது எப்படிப் போனாலும் அந்தக் கேம் தேயக் கூடாது. கேமைக் காப்பாற்றுவது லிப்டர்தான்.

முதலில் சாலாக் செலாத்தானில் கேம் அறுக்கும் சீனர் ஆ செங்கிடம் பிரகாஷின் லிப்டர்களையே எடுத்துப் போனேன். முகத்தைத் திரும்ப கிரைண்ட் செய்து மேடு கொண்டுவர முடிந்தால் அண்ணனுக்கு இரண்டுமே கிடைக்குமே என்று ஒரு ஆசை. ஆ செங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கில் முகம் பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது. அதை அழிக்கிற அளவு அறுத்தால் கெட்டியான தோல் போய்விடும் என்றார். அவர் என்னிடம் மலாயில் பேசுவார், பாதி தமிழ் கலந்து. "மணியம், கேமைப் பொதைக்கணும்னா சொல்லு, நானே மண்வெட்டி தர்றேன்" என்றார். யாருடைய இஞ்சின் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பிறகு கிள்ளானில் ஒரு சாமான் கடை. புதுப் பெட்டி, பளிச்சென்று எழுத்து. கடைக்காரர் "ஓரி லா பாஸ்" என்று, ஒரிஜினல்தான் என்கிற மாதிரி மேசையில் தட்டினார். நான் அங்கேயே இரண்டைப் பிரித்து முகத்தோடு முகம் வைத்தேன். தரை ஓடு போல ஒட்டிக்கொண்டன. மேடே கிடையாது. ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நல்ல லிப்டரில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் கடித்தது. "வாங்கறதுன்னா வாங்கு, தங்கம் உரசிப் பாக்குற மாதிரி பாக்குற" என்றார் அவர். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோலாலம்பூரில் இன்னொரு செட் கிடைத்தது. முகம் சரி, கெட்டி சரி. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து ஆயில் தடவி பிளாக்கின் துளையில் விட்டேன். லிப்டர் தன் கனத்தில் மெதுவாக இறங்க வேண்டும். இது கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழுந்தது. துளைக்கு ஒல்லி. அதுவும் திரும்பிப் போனது.

கடைசியில் ஆ செங் மூலம் ஜப்பானிலிருந்து ஒரு செட் வரவழைத்தேன். காத்திருந்த காலத்தில் அண்ணே தினமும் போன் செய்தார். வந்ததா என்று மட்டும் கேட்பார், வைத்துவிடுவார். வந்தது. எட்டையும் பார்த்தேன். வெளிச்சம் கசிந்தது, அரம் வழுக்கியது, துளையில் மெதுவாக இறங்கியது, விரலால் திருப்பினால் பட்டு மாதிரி திரும்பியது.

இஞ்சினின் மேல் பாகமான ஹெட் போடுவதற்கு முன் ஒவ்வொரு லிப்டரின் தலையிலும் வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டு கேமைச் சுற்றவைக்கும் கிராங்கைக் கையால் சுற்றச் சொன்னேன். லிப்டர் ஏறி இறங்கும்போதெல்லாம் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. எட்டும் நகர்ந்தன. போதும் என்று நான் சொன்ன பிறகும் அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

முதல் ஸ்டார்ட்

இப்படிப்பட்ட இஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பிடித்த நொடியிலிருந்து இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலேயே இருபது நிமிடம் ஓட வேண்டும். ஸ்லோவுக்கு, அதாவது பெடலை மிதிக்காமல் விட்டால் ஓடும் வேகத்துக்கு, இறங்கவே கூடாது. லோப்புக்கும் லிப்டருக்கும் ஆயில் பம்ப் நேராகக் கொடுப்பதில்லை. கீழே கிராங்க் வேகமாகச் சுற்றும்போது தெறிக்கிற ஆயில்தான் அவற்றுக்கு. ஸ்லோவில் தெறிக்காது. அந்த முதல் இருபது நிமிடத்தில்தான் எட்டு லோப்பும் எட்டு லிப்டரும் ஒன்றோடொன்று பழகுகின்றன. பழகிவிட்டால் வருடக்கணக்கில் ஓடும். பழகாவிட்டால் அன்றைக்கே முடிந்தது.

இதை அண்ணனிடம் பல முறை சொன்னேன். டிரைவர் சீட்டில் தான்தான் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"வாழ்நாள் பூரா லோரி ஓட்டினவன்டா நான். கால எப்படி வைக்கணும்னு எனக்கே சொல்றியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகன் இறந்த பிறகு அவர் ஒரு வண்டியின் பெடலை மிதிக்கப் போவது அதுதான் முதல் தடவை. நான் எப்படி மாட்டேன் என்பேன்?

ஸ்டார்ட் செய்யும் நாள் காலையில் குருக்களோடு வந்தார்கள். பிரகாஷின் படத்துக்கு மாலை போட்டுப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தார்கள். பூசையை முதலில் முடித்துவிடலாம், பிறகு ஸ்டார்ட் செய்யலாம் என்று நான் லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"உசுரு வந்த பிறகுதானே தம்பி கற்பூரம்."

இருபது நிமிடம் ஓடத்தானே போகிறது, அதற்குள் பூசையும் நடக்கட்டும், அண்ணன் கால் பெடலில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அண்ணே சரியாக மிதித்தார். ஊசி இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. அந்தச் சத்தம் சாதாரண 4K சத்தம் இல்லை. பிரகாஷ் எந்தச் சத்தத்துக்காக அந்தக் கேமை வாங்கினானோ அந்தச் சத்தம். மேசையில் வைத்திருந்த ஸ்பேனர்கள் அதிர்ந்தன. நான் முன்னால் நின்று ஆயில் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தட்டை ஏந்திக்கொண்டு பானெட் ஓரம் வந்தார். ஃபேன் காற்றில் தீபம் சாய்ந்தது, முந்தானையால் மறைத்துக்கொண்டார். குருக்கள் மணியை ஆட்டினார், எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

குருக்கள் அக்காவிடமிருந்து தட்டை வாங்கி, கற்பூரத்தை இஞ்சினுக்குக் காட்டினார். படத்துக்குக் காட்டினார். பிறகு தட்டை டிரைவர் சீட்டுப் பக்கம் கொண்டுபோய் அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினார்.

அண்ணே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் உட்கார்ந்திருந்தார். கற்பூரத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணை மூடினார். காலைப் பெடலிலிருந்து எடுத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தார். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. நாம் யாருமே யோசித்துச் செய்வதில்லை.

சத்தம் இறங்கியது. இஞ்சின் ஸ்லோவுக்கு வந்தது. அப்போதுதான் மணி கேட்டது, மந்திரம் கேட்டது. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. இப்போதுதான் பூசை பூசை மாதிரி இருக்கிறது என்பது போல.

"அண்ணே, மிதிங்க" என்று கத்தினேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. கேட்கவில்லை. கார்ப்ரேட்டரில் வேகத்தைக் கூட்டும் கம்பியைக் கையால் இழுத்துவிடலாம் என்று பானெட்டுக்குள் கையை நீட்டினேன். அதற்குள் அக்கா தட்டை வாங்கிக்கொண்டு திரும்ப என் பக்கம் வந்துவிட்டார். என் கை நீண்டதைப் பார்த்து, கற்பூரம் ஒத்திக்கொள்ளத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்து, தட்டை என் கைக்கு நேரே கொண்டுவந்தார். எனக்கும் கம்பிக்கும் நடுவில் அவரும் தீபமும். முந்தானைக்கு ஒரு சாண் தூரத்தில் ஃபேன். அவர் அழுதுகொண்டிருந்தார். தள்ளிவிட முடியாது. நான் ஒத்திக்கொண்டேன்.

திருநீறு வந்தது. தேங்காய் உடைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வழி கிடைத்ததும் நான் பாய்ந்து கம்பியை இழுத்தேன். இஞ்சின் மறுபடி ஏறியது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அடியில் புதிதாக ஒன்று கேட்டது. டிக், டிக் என்று. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அக்கா எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கையில் வாங்கி வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்பது பிறகு டக், டக் என்று ஆனது.

அண்ணே கேட்ட கேள்வி

மறுநாள் பிரித்தேன். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தால் உள்ளே வெள்ளிச் சரிகை மாதிரி இரும்புத் தூள். கேமை உருவி எடுத்தேன். இரண்டு லோப்பின் முனை போய்விட்டது. முட்டை வடிவம் போய் உருண்டையாகிவிட்டது. அந்த இரண்டு லிப்டரின் முகத்திலும் குழி. மற்ற ஆறும் நன்றாகத்தான் இருந்தன. என் விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தன. லிப்டரில் குறை இருந்திருந்தால் ஆறு இப்படி இருக்காது. அது எனக்குத் தெரியும்.

ஆறுமுகம் அண்ணே மத்தியானம் வந்தார். கேம் மேசையில் கிடந்தது. அவர் மெக்கானிக் இல்லை, ஆனாலும் பார்த்ததும் புரிந்துகொண்டார். தொடவில்லை.

"இத மறுபடி சரி பண்ண முடியாதா?"

"முடியாதுண்ணே."

பிறகு வேறு ஒரு குரலில் கேட்டார். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"நேத்து சாமி கும்பிடறப்ப நான் கால எடுத்தேன். அதனாலயா மணியம்?"

பிள்ளைகளே, ஒர்க்‌ஷாப்பில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. கஸ்டமர் தப்பு என்றால் உன் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அம்மா அதற்கு என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறாள். ஆனால் மகனை ஒரு லோரி கொண்டுபோனதால் லோரிச் சாவியை வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். மகனுடையதாக மிஞ்சியிருந்த ஒன்றும் அவர் காலால் போனது என்று நான் சொன்னால், அந்தக் காலை அவர் எங்கே வைப்பார்?

"இல்லண்ணே. லிப்டர் சரியில்ல. நான் எடுத்ததுதான் தப்பு."

அவர் மூச்சை விட்டார். தோள் இரண்டும் இறங்கின. அதன் பிறகுதான் கோபம் வந்தது.

"அவன் வாங்கினத வேணாம்னு சொன்னியே."

"ஆமாண்ணே."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போய்விட்டார்.

அதன் பிறகு கிள்ளானில் பேச்சு பரவியது. செத்துப்போன பையனின் இஞ்சினைக் கெடுத்தவன் என்று. பழைய கார் வைத்திருக்கும் ஆட்கள் வருவது நின்றது. ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் தெரிந்தவர் ஒருவர், "மணியம், லிப்டர் பாத்து எடுக்கத் தெரியாதாமே ஒனக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். ஆ செங்குக்கு மட்டும் அது நல்ல செட் என்று தெரியும். போன் செய்து சண்டைக்கு வந்தார். தன் பெயரும் கெடுகிறது என்றார், அதுவும் நியாயம். நடந்ததைச் சொன்னேன். வாயை மூடிக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் அந்த வருடம் காசு இல்லாததால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகாமல் இருந்தீர்களே, அப்போது கூட நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றிருப்பாள்.

திதிக்குக் கொஞ்ச நாள் முன்பு லெட்சுமி அக்கா தனியாக வந்தார். அண்ணனுக்குத் தெரியாமல் வந்திருந்தார்.

"சத்தம் வேணாம் தம்பி. கோயில் வரைக்கும் ஓடினா போதும்."

ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய வண்டியின் 4K கேமையும் அதன் லிப்டர்களையும் வாங்கினேன். லிப்டர் எட்டையும் உருவும்போதே எந்தத் துளை என்று எண் போட்டு, அதே லோப்பில் அதே லிப்டர் உட்காரும்படி பிரகாஷின் பிளாக்கில் மாட்டினேன். சேர்ந்து தேய்ந்தவற்றைச் சேர்த்தே வைத்தால் ஓடும் என்று முன்பே சொன்னேனே, அப்படி. கார் ஓடியது. திதியன்று அண்ணே அதைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சாவியை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. போன வருடம் அவர் காலமானார். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. அக்காவிடம் நீங்கள் இதைச் சொல்லக் கூடாது. கார் இன்னும் அக்கா வீட்டுப் போர்ச்சில்தான் நிற்கிறது.

நான் கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். லிப்டர் எப்படிப் பார்த்து எடுப்பது என்று மேலே எழுதியிருக்கிறேன், அது போதும். அதற்கு மேல் ஒன்று. புது இஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது யார் காலையும் நம்பக் கூடாது. கார்ப்ரேட்டரில் ஸ்லோ வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை முன்பே உள்ளே திருகி, கால் இல்லாமலேயே இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும்படி வைத்துவிட வேண்டும். ஆறுமுகம் அண்ணனுக்குப் பிறகு நான் கட்டிய எல்லா இஞ்சினும் அப்படித்தான். பூசை வேண்டும் என்று கேட்டால் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சாவி என் பாக்கெட்டில் இருக்கும்போது. அப்போது எல்லோரும் கையைக் கூப்பலாம். மெக்கானிக்கும் கூப்பலாம். சாமி கும்பிடுகிறவன் கையையும் காலையும் நாம் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அது அவனுடைய தப்பு ஆகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது அண்ணனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

கேம்ஷாப்டின் மூக்கில், அதாவது முன்முனையில், சின்னதாக ஒரு பின் இருக்கும். சுண்டு விரல் நகத்தை விட ஒல்லி. டைமிங் செயின் மாட்டுகிற சக்கரம் இடம் மாறாமல் நிற்பதற்கு அது. கேமோடு சேர்ந்து சுற்றும், ஆனால் எதிலும் உரசாது. திதிக்காக வாங்கிய பழைய கேமை உள்ளே விட்டு, சக்கரம் மாட்டுவதற்கு முன், ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன். மூலையில் கிடந்த பிரகாஷின் கேமை எடுத்து மேசையில் இருந்த வைஸில் இறுக்கிப் பிடித்தேன். பிளையரால் அந்தப் பின்னை ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன். பழைய கேமில் இருந்த பின்னையும் எடுத்துவிட்டு, இரண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு. பிரகாஷின் பின்னைத் துணியால் துடைத்து, அந்தத் துளையில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினேன்.

சுத்தியலைக் கீழே வைத்தேன். இஞ்சின் குளிர்ந்திருந்தது. கை இரண்டும் கிரீஸ். அப்படியே ஒரு தரம் கூப்பிவிட்டு, சக்கரத்தை மாட்டி, டைமிங் கவரைப் பூட்டினேன்.